இமயச் சுவரில் ஒரு கயிறு



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஆனால் 1996ஆம் வருடம் என்னிடம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு தப்பான பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் அந்த வகுப்பில் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறான். பேர் போட வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மார்கழிப் பனி என்று நான் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அரைக்கைச் சட்டையோடு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். வீட்டம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தபோதுதான் கவனித்தேன். வலது கையில் இரண்டு விரல் நுனி கறுத்து, தோல் இறுகிப்போயிருந்தது. டம்ளர் சூட்டை அந்த விரல்கள் உணரவே இல்லை.

"என்னப்பா இது?" என்றேன்.

"சியாச்சின் சார்" என்றான். பிறகு, "உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? இமயமலை நம்ம நாட்டுக்கு ஒரு மதில் சுவர்னு நடத்துனீங்க. நான் எந்திரிச்சு, மதில்னா எவனாவது ஏறிக் குதிச்சிருவானே சார்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க, அது பனிச்சுவர்டா, செங்குத்தா நிக்கும், அதுல எவனும் ஏற முடியாது, உக்காருன்னு சொல்லிட்டீங்க."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன். வருடா வருடம் அந்தப் பாடத்தை அப்படித்தான் நடத்தினேன். வடக்கே ஒரு அரண், அது பருவக்காற்றைத் தடுக்கும், பகைவரைத் தடுக்கும் என்று கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியதைச் சொல்வேன். அதோடு சரி.

நான் அந்தப் பதிலைச் சொன்ன நாளுக்கு ஒன்பது வருடம் முன்பே, 1987 ஜூன் மாதம், அப்படி ஒரு பனிச்சுவரில் நம் நாட்டு வீரர்கள் ஏறியிருக்கிறார்கள். வரலாறு நடத்துகிறவனுக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். அந்தச் சண்டைக்கான பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது 1988 ஜனவரி 26. எம்.ஜி.ஆர் மறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று ஊரே இரண்டாகக் கிடந்த நேரம். டீக்கடையில் பேப்பரை விரித்தால் வேறு எதையும் படிக்கத் தோன்றாது. ஜனவரி 30ஆம் தேதி ஆட்சியே கலைக்கப்பட்டுவிட்டது. டெல்லி அணிவகுப்பை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? ஆனாலும் அது ஒரு சாக்குதான். அதற்குப் பிறகு 1996 வரை எட்டு வருடம் இருந்ததே.

சரி, கதைக்கு வருகிறேன்.

முதலில் வரைபடம். காஷ்மீரில் 1949இல் கராச்சி ஒப்பந்தப்படி போர் நிறுத்தக் கோடு வரைந்தார்கள். அந்தக் கோடு வடக்கே என்.ஜே. 9842 என்று எண் கொடுத்த ஒரு புள்ளியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் பனியாறுகளை நோக்கி வடக்கே போகும் என்று வார்த்தையில் எழுதியதோடு சரி, கோடு போடவில்லை. 1972இல் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டுக் கோட்டை வரைந்தபோதும் அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே எவன் போய் நிற்கப்போகிறான் என்ற நினைப்பு. நான் வகுப்பில் சொன்ன அதே பதிலைத்தான் இரண்டு நாட்டு அதிகாரிகளும் வரைபடத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். அதற்காக என் தப்பு சின்னதாகிவிடாது.

அந்த வெற்றிடத்தில்தான் சியாச்சின் இருக்கிறது. ஏறக்குறைய 75 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாறு. கர்னல் நரேந்திர குமார் 1978இலும் 1981இலும் மலையேறும் குழுக்களோடு போய் அந்தப் பகுதியைப் பார்த்துப் படமெடுத்து வந்தார். 1984 ஏப்ரல் 13ஆம் தேதி, நம் ஊரில் சித்திரை பிறக்கும் நேரத்தில், கேப்டன் சஞ்சய் குல்கர்னியின் சிறு படையை ஹெலிகாப்டர்கள் பிலாஃபோண்ட் லா கணவாயில் கொண்டுபோய் இறக்கின. ஆபரேஷன் மேகதூத் என்று அதற்குப் பெயர். பனியாற்றுக்கு மேற்கே உள்ள சால்டோரோ மலைத்தொடரின் உச்சிகளை இந்தியா பிடித்தது. மேலே இருப்பவன் கையில்தான் எல்லாம் என்ற நிலைமை அன்றிலிருந்து.

ஆனால் எல்லா உச்சியும் நம் கையில் வரவில்லை. கணவாய்க்குப் பக்கத்தில் 21,153 அடி, அதாவது ஏறக்குறைய 6,500 மீட்டர் உயரத்தில் ஒரு சிகரம். அதன் தலையில் பாகிஸ்தான் படையினர் ஏறி ஒரு பங்கர் அமைத்துவிட்டார்கள். ஜின்னாவை காயிதே ஆஸம் என்பார்கள் அல்லவா, அவர் நினைவாக 'காயித்' நிலை என்று பெயரும் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே இருக்கும் நம் அமர், சோனம் ஆகிய இரண்டு நிலைகளும் உள்ளங்கை மாதிரி தெரியும். அந்த நிலைகளுக்கு அரிசி பருப்பிலிருந்து மண்ணெண்ணெய் வரை ஹெலிகாப்டரில்தான் வர வேண்டும். மேலே ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால் ஹெலிகாப்டர் எப்படி வரும்? 1987 ஏப்ரல் 18ஆம் தேதி அங்கிருந்து சுட்டதில் நம் வீரர்கள் இறந்தார்கள். அந்த நிலையைப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

பிடிக்க வேண்டுமானால் ஏற வேண்டும். ஏற வேண்டிய இடம் ஒரு பனிச்சுவர். உயரம் 457 மீட்டர், 1,500 அடி. சாய்வு 80, 85 டிகிரி.

இதை வெறும் எண்ணாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து 85 டிகிரி வைத்துப் பாருங்கள். சுவருக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. உயரத்துக்கு நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரங்களில் அதுதான் பெரியது, 170 அடி. அந்த மாதிரி ஒன்பது கோபுரத்தை ஒன்றின் தலையில் ஒன்றாக நிறுத்தினால்தான் அந்தச் சுவரின் உயரம் வரும். கோபுரத்தில் கால் வைக்கச் சுதைச் சிற்பமாவது உண்டு. அங்கே கண்ணாடி மாதிரி இறுகிய பனி.

"எப்படிடா ஏறுவீங்க?" என்று கேட்டேன். திண்ணையிலிருந்து எழுந்து, எங்கள் காம்பவுண்டுச் சுவரில் காலை வைத்துக் காட்டினான். பூட்ஸுக்கு அடியில் ஆணிச்சட்டம் ஒன்றைக் கட்டிக்கொள்வார்களாம், க்ராம்பான் என்று பேர். அதன் முன்பக்கம் இரண்டு ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். பனியை உதைத்தால் அந்த ஆணி அரை விரல் அளவு உள்ளே இறங்கும். உடம்பின் மொத்த எடையும் அந்த அரை விரல் ஆணியில்தான். கையில் பனிக்கோடரி. ஒரு கையை ஓங்கி வெட்டி, ஒரு காலை உதைத்து, மூச்சு வாங்கி, மறுபடி அடுத்த கை. கெண்டைக்கால் சதை தையல் மிஷின் மாதிரி தானாக ஆட ஆரம்பித்துவிடுமாம்.

மூச்சு வாங்குவது என்று நான் எளிதாக எழுதிவிட்டேன். 6,500 மீட்டரில் காற்றழுத்தம் நம் மதுரையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். நான்கு எட்டு வைத்தால் மாடி நாலு ஏறியவன் மாதிரி நின்று இளைக்க வேண்டும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி. ஜூன் மாதத்தில் என்ன குளிர் என்று கேட்கலாம். அந்த உயரத்துக்கு நம் நாட்காட்டி பொருந்தாது. பனிப்புயல் அடித்தால் ஜூனும் ஒன்றுதான் ஜனவரியும் ஒன்றுதான். கையுறையைக் கழற்றித் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். என் மாணவனின் இரண்டு விரல் அப்படிப் போனவைதான், ஒரு கொக்கியை மாட்டுவதற்காக அரை நிமிடம் உறையைக் கழற்றியதால்.

இனிமேல் நான் சொல்லப்போவதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்த பகுதி.

1987 மே 29. ஜம்மு காஷ்மீர் லைட் இன்ஃபான்ட்ரியின் எட்டாவது பட்டாலியனைச் சேர்ந்த செகண்ட் லெஃப்டினன்ட் ராஜீவ் பாண்டே ஒரு சிறு குழுவோடு அந்தச் சுவரில் ஏறினார். செகண்ட் லெஃப்டினன்ட் என்றால் அதிகாரிகளில் ஆகக் கடைசிப் படி, கல்லூரி முடித்த பையன் வயது. எந்த வழியில் ஏறலாம் என்று பார்த்து, பனியில் ஆணி அடித்து, கயிறு கட்டிக்கொண்டே போனார்கள். மேலே இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சுவரில் தொங்குகிறவன் எங்கே ஒளிவது? பாண்டேயும் அவருடைய குழுவில் பெரும்பாலோரும் இறந்துபோனார்கள்.

அவர்கள் கட்டிய கயிறு மட்டும் சுவரிலேயே தொங்கியது.

அடுத்த முயற்சி ஜூன் 23ஆம் தேதி தொடங்கியது. அதற்கு ஆபரேஷன் ராஜீவ் என்று பேர் வைத்தார்கள். அப்போது பிரதமர் ராஜீவ் காந்தி என்பதால், அவர் பேரைத்தான் வைத்தார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது பாண்டேயின் பேர். தலைமை மேஜர் வரீந்தர் சிங். 60 பேருக்கு மேல் கொண்ட படை. அவர்கள் முதலில் தேடியது எதிரியை இல்லை, பாண்டே குழு கட்டிவிட்டுப்போன கயிற்றைத்தான். அந்தக் கயிறு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் சுவரில் முதலிலிருந்து ஆணி அடிக்க வேண்டும், அந்தச் சத்தத்துக்கு மேலிருந்து குண்டு வரும்.

முதல் இரவு கயிறு கிடைக்கவில்லை. இடைப்பட்ட நாட்களில் பெய்த பனி மூடிவிட்டது. இடுப்பளவு பனியில் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த முயற்சியில் சுபேதார் ஹர்னாம் சிங்கின் குழுவுக்குக் கயிறு அகப்பட்டது. செத்துப்போனவர்கள் கட்டிய கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினார்கள். மேலிருந்து சுட்டார்கள். திருப்பிச் சுடலாம் என்றால் குளிரில் இவர்களுடைய இயந்திரத் துப்பாக்கி இறுகி வேலை செய்யவில்லை. ஆள் இழப்போடு பின்வாங்க வேண்டியதாயிற்று. அடுத்து சுபேதார் சன்சார் சந்தின் குழு. ஹவில்தார் ராம் தத் சுவரிலிருந்து விழுந்து இறந்தார். அதுவும் உச்சியைத் தொடவில்லை.

மூன்று நாளாகச் சரியான தூக்கமோ சாப்பாடோ இல்லை. இனி ஒரு இரவு அந்தப் பனியில் இருந்தால் குண்டே தேவையில்லை, குளிரே கொன்றுவிடும். ஆகவே ஜூன் 26ஆம் தேதி, இருட்டுக்குக் காத்திருக்காமல் பகலிலேயே போவது என்று மேஜர் முடிவு செய்தார். பனிப்புயல் அடித்துக்கொண்டிருந்தது. எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. அதுதான் மறைப்பு. மேஜர் ஒரு பக்கமாகச் சிலரோடு போக, நாயிப் சுபேதார் பாணா சிங் நான்கு பேரோடு இன்னொரு பக்கம், யாரும் வர மாட்டார்கள் என்று மேலே இருந்தவர்கள் நினைத்திருந்த கடினமான பக்கம் ஏறினார். அந்த நான்கு பேர் சுன்னி லால், லட்சுமண் தாஸ், ஓம் ராஜ், காஷ்மீர் சந்த். ஏறி முடித்தபோது உச்சியில் ஒரே ஒரு பங்கர். பாணா சிங் கதவைத் திறந்து கையெறி குண்டை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே இருந்தவர்களோடு துப்பாக்கிமுனைக் கத்தியால் கைகலப்பு. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. எத்தனையோ மணி நேரம் ஏறியதற்கு எதிரே சண்டை சில நிமிடம்தான். பிறகு அந்தச் சிகரத்தின் மேல் பீரங்கிக் குண்டு விழுந்தது. ஓம் ராஜ் பிழைக்கவில்லை.

அந்த இடத்துக்கு இப்போது பாணா டாப் என்று பெயர். பாணா சிங்குக்குப் பரம்வீர் சக்கரம். ஹர்னாம் சிங், சன்சார் சந்த் இருவருக்கும் மகாவீர் சக்கரம். கூட ஏறிய சுன்னி லால் இருபது வருடம் கழித்து 2007இல் குப்வாராவில் ஒரு மோதலில் இறந்து அசோகச் சக்கரம் பெற்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம். பாணா சிங்கை நான் மலைவாசி என்றே நினைத்திருந்தேன். அவர் ஊர் காட்யால். ஜம்முவுக்குத் தெற்கே ரன்பீர்சிங்புரா பக்கத்துக் கிராமம். பாசுமதி விளையும் சமவெளி, தட்டையான வயல்காடு. நம் மேலூர்ப் பக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுவரில் ஏறியபோது அவருக்கு வயது 38. மலையில் பிறந்தவன்தான் மலை ஏறுவான் என்று நான் வகுப்பில் அடிக்கடி சொன்னதுண்டு. அதுவும் தப்பு.

அப்படியானால் நம் பக்கத்துப் பிள்ளைகள்? இதை மட்டும் அப்போதும் நான் அறிந்திருக்க வேண்டும். பேரையூர், உசிலம்பட்டி, தேனிப் பக்கக் கிராமங்களிலிருந்து எத்தனை பேர் ராணுவத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மதராஸ் ரெஜிமென்ட் 1758இல் தொடங்கியது, இந்திய ராணுவத்தின் காலாட்படைகளில் மிகப் பழையது, நீலகிரி வெலிங்டனில் அதன் பயிற்சி மையம். சித்திரை வெயிலில் வைகை மணலில் அழகரைப் பார்க்க நின்ற கால்தான் சியாச்சினிலும் நிற்கிறது. உடனே கொண்டுபோய் விட மாட்டார்கள். 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள் என்று படிப்படியாக உடம்பைப் பழக்குவார்கள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நல்ல பயில்வான் உடம்பாக இருந்தாலும் ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். பிறகு அடிவார முகாமில் பனியில் ஏறும் பயிற்சி. மேலே போகும்போது ஆளுக்கு ஆள் இடுப்பில் கயிறு கட்டி வரிசையாக நடப்பார்கள். பனிப்பிளவில் ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் கோடரியைக் குத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். "முன்னால போறவன் யாரு, அவன் சாதி என்ன, ஊரு என்னன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான் சார். கயிறு தொய்வில்லாம இருக்கான்னு மட்டும்தான் பாப்பான்" என்றான்.

சோனம் என்று ஒரு நிலையை மேலே சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? 2016 பிப்ரவரி 3ஆம் தேதி அதே பேரைச் செய்தியில் கேட்டோம். 19,600 அடியில் மேலிருந்த பனிச்சுவர் பெயர்ந்து நிலையின் மேலேயே விழுந்தது. பத்துப் பேர் புதைந்தார்கள். மதராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியன். ஆறு நாள் கழித்துப் பனிக்கு அடியில் 25 அடிக்கும் கீழே கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். நாடே கும்பிட்டது. பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாடு. வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை, தேனி மாவட்டம் குமணன்தொழுவைச் சேர்ந்த லான்ஸ் ஹவில்தார் குமார், கிருஷ்ணகிரி மாவட்டத்து சிப்பாய் ராமமூர்த்தி, நம் மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டி சிப்பாய் கணேசன்.

அன்று டிவி பார்த்துக்கொண்டே நான் "பாவம், எங்கேயோ போய்..." என்று சொன்னதாக வீட்டம்மா சொல்கிறார். எங்கேயோ. அந்த இடம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது, அங்கே நிற்பதற்கு முன்னால் எத்தனை பேர் ஏறினார்கள் என்று அன்றைக்காவது எடுத்துப் பார்த்திருக்கலாம்.

பனிச்சுவர் எந்தப் பக்கத்துக் கொடி என்று பார்ப்பதில்லை. 2012 ஏப்ரல் 7ஆம் தேதி சியாச்சினுக்கு மேற்கே கயாரியில் பாகிஸ்தான் ராணுவ முகாமின் மேல் மலைச்சரிவு இறங்கி 140 பேரை மூடியது. அவர்களிலும் எத்தனையோ பேர் சமவெளிக் கிராமத்துப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். 2003 நவம்பரில் அங்கே துப்பாக்கிச் சண்டை நின்றுவிட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கமும் குண்டில் செத்தவர்களைவிடக் குளிரிலும் சரிவிலும் உயரத்திலும் செத்தவர்கள்தான் அதிகம். இதைப் பற்றி அவனிடம் என் கருத்தைச் சொன்னேன். இரண்டு நாடும் பேசிக் கீழே இறங்கிவிட்டால் என்ன என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "இறங்குனா திரும்ப ஏறணுமே சார், அந்தச் செவுத்துல" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போருக்கு வெளியிலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாணா சிங் ஏறிய அதே 1987இன் கடைசியில், அதே காரகோரம் மலைத்தொடரில் இருக்கும் கே2 சிகரத்தை நடுக் குளிர்காலத்தில் ஏற போலந்துக்காரர் ஆந்த்ரே சவாடா ஒரு குழுவோடு போனார். எவரெஸ்டையே 1980 பிப்ரவரி 17இல் குளிர்காலத்தில் ஏறிக் காட்டியது அவருடைய குழுதான். ஆனால் கே2 விடவில்லை. அதற்குப் பிறகும் வந்த குழுக்கள் எல்லாம் திரும்பிப் போயின. 33 வருடம் கழித்து, 2021 ஜனவரி 16ஆம் தேதி, நேபாளத்துக்காரர்கள் பத்துப் பேர் ஏறினார்கள். இத்தனை காலமும் வெள்ளைக்காரர்களுக்கு மூட்டை சுமந்து, கயிறு கட்டிக் கொடுத்த இனத்தின் பிள்ளைகள். முதலில் போனவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று மற்றவர்கள் வரும்வரை காத்திருந்து, பத்துப் பேரும் சேர்ந்து நடந்து உச்சியைத் தொட்டார்கள். எவன் முதல் ஆள் என்று எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்செல்வி 2023 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண். சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தவர், நம் வர்க்கம். அந்த வழியில் லோட்சே முகம் என்று ஒரு பெரிய நீலப் பனிச்சரிவு உண்டு. அதில் ஏற வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னாலே ஷெர்பாக்கள் போய்க் கயிறு கட்டியிருப்பார்கள். கரிசல்காட்டில் பிறந்த பெண் அதைப் பிடித்து ஏறியிருக்கிறார்.

அவன் கிளம்பும்போது இருட்டிவிட்டது. வாசல் வரை போனேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் ஏறுவதற்காக ஒரு நைலான் கயிறு தொங்கவிட்டிருக்கிறோம். அவன் பேசிக்கொண்டே போகிற போக்கில் அதைப் பிடித்து இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான். மேலே முடிச்சு சரியாக விழவில்லை என்று சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், மாடிக்குப் போய் அவிழ்த்து வேறு மாதிரிக் கட்டிவிட்டு வந்தான். மரத்துப்போன அந்த இரண்டு விரலை நீட்டிக்கொண்டே மற்ற விரல்களால் கட்டினான்.

ஆகவே 1996, எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவர்களே, நோட்டு வைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இமயத்தின் பனிச்சுவரில் யாராவது ஏற முடியுமா?

விடை: முடியும். 1987 ஜூன் 26. அதற்கு முன்னால், மே 29.